லெவல் கிராசிங்

விளக்கைப் பிடிக்கத்தான் என்னைக் கூப்பிட்டாள்.
கை ஆடக் கூடாது, தும்மக் கூடாது,
முக்கியமாக, யோசனை சொல்லக் கூடாது.

அஷ்டபுலாவில் பிப்ரவரி.
மேலே பாதி ஜன்னல்வரை பனி.
கீழே நிலவறையில்
வாஷிங் மெஷினுக்கும் பாய்லருக்கும் நடுவே
எட்டடிக்குப் பன்னிரண்டடியில் ஓர் ஊர்.
சாயம் போட்ட மரத்தூள் அதன் புல்.
பழைய காகிதமும் சாந்தும் அதன் மலை.
மலைக்குள் எங்கோ
என் வருமான வரிக் கடிதம் ஒன்றும் இருக்கிறது;
தேடுவதை நவம்பரிலேயே விட்டுவிட்டேன்.

பொத்தானை அழுத்தினால்
பால் வண்டியின் கதவு பட்டென்று திறக்கும்.
வெள்ளைச் சட்டைக்காரன் ஒருவன்
கேனை மேடையில் தள்ளிவிட்டு,
கடன்காரனைக் கண்டவன்போல் உள்ளே ஓடுவான்.
இன்னொரு பொத்தானுக்கு
மரக்கட்டைகள் சங்கிலி பிடித்து ஏறி
சரக்குப் பெட்டிக்குள் உருளும்.
மூன்றாவதற்குத் தரை கிடுகிடுக்க
பட்டியிலிருந்து மாடுகள்
நடுங்கி நடுங்கி ரயிலேறும்.
ஏழு மாடு ஏறும்.
எட்டாவதற்குக் கொள்கை உண்டு;
வாசலில் குறுக்கே நின்றுகொள்ளும்.

பாய்லர் உறுமியதில் முதல் பதிவு போயிற்று.
இரண்டாவதில் பால்காரன்
கேனோடு தானும் விழுந்தான்.
மூன்றில் மாடு.
நான்கில் மாடு.
ஐந்தில் என் தும்மல்.
ஆறாவதில் எல்லாம் அச்சுப் பிசகாமல் ஓடியது,
அவள்தான் பதிவை அழுத்த மறந்திருந்தாள்.
நான் யோசனை எதுவும் சொல்லவில்லை.

பெர்னடின் இருபத்தாறு வருஷம்
பள்ளிப் பேருந்து ஓட்டியவள்.
தண்டவாளம் வந்தால் நிறுத்த வேண்டும்,
கதவைத் திறக்க வேண்டும்,
காது கொடுக்க வேண்டும். சட்டம்.
தினம் இரண்டு வேளை, மில் சாலையில்,
நாற்பது பிள்ளைகள் மூச்சடக்கியிருக்க
குளிர் மட்டும் படியேறி உள்ளே வரும்.
இருபத்தாறு வருஷத்தில்
அந்தத் தடத்தில் அவள் பார்த்த ரயில் நான்கு.
ஐந்தாகவும் இருக்கலாம்;
ஒன்று வெறும் எஞ்சின்,
அதைக் கணக்கில் சேர்ப்பதா என்பதில்
அவளுக்கே தீர்மானமில்லை.

இந்த ஊரிலும் ஒரு கிராசிங்.
தகரக் கூண்டு, உள்ளே ஒரு கேட்கீப்பர்.
ரயிலின் எடை தண்டவாளத்தில் இறங்கியதும்
கதவைத் தள்ளிக்கொண்டு விளக்கோடு வருவான்;
கடைசிப் பெட்டி கடந்தால் பின்வாங்குவான்.
திரும்பி நடக்கத் தெரியாதவன்.
கேட்டுக்கு அப்பால்
கட்டைவிரல் நீளத்தில் ஒரு மஞ்சள் பேருந்து.

பதினோராவது முறைக்கு முன்
போனை ஸ்டாண்டிலிருந்து கழற்றினாள்.
எஞ்சினுக்கு முன்னே ஒரு தட்டை வண்டியை மாட்டி
அதில் ரப்பர் பேண்டு போட்டுக் கட்டினாள்.
"நாம் பார்த்தது போதும். அது பார்க்கட்டும்."
டிரான்ஸ்ஃபார்மர் பிடியை மெல்லத் திருகினாள்.
காய்ந்த எண்ணெயும் மின்னல் வெட்டிய காற்றுமாய்
ஒரு வாசனை எழுந்தது.
விளக்கை எங்கே காட்டுவதென்று தெரியாமல்
என்மேலேயே காட்டிக்கொண்டு நின்றேன்.

பிறகு படிக்கட்டில் உட்கார்ந்து பார்த்தோம்.
மூன்று தண்டவாளங்கள் திரைக்குள் ஓடி வந்தன.
வீடுகளின் முதுகு, வண்ணம் காணாத அட்டை,
அதில் அவளுடைய பென்சில் கணக்கு.
வானத்தில் ஒரு மூக்கு. என்னுடையது.
சுரங்கம்.
எஞ்சின் வெளிச்சத்தில் ஒரு நொடி,
மலையின் வயிற்றில்
என் பெயர் அச்சிட்ட உறை.

வெளியே வந்தால் கிராசிங்.
கேட்கீப்பர் விளக்கோடு வந்து நின்றான்,
முகமென்று ஒரு பொட்டு வண்ணம்.
அவனுக்குப் பின்னால் பேருந்து.
நின்றிருந்தது. கதவு திறந்திருந்தது.

அந்த அரிசியளவு மடிப்புக் கதவை
பிளேடால் அறுத்து, மடக்கி, ஒட்டியிருக்கிறாள்.
எப்போது என்று எனக்குத் தெரியாது.
இத்தனை நாள் மேலே நின்று பார்த்தும்
மஞ்சள் கூரைதான் தெரிந்திருக்கிறது.

பெர்னடின் படத்தை நிறுத்தினாள்.
பின்னுக்குத் தள்ளி ஓட்டினாள்.
மறுபடி பின்னுக்கு.
"இப்படித்தான் இருந்திருப்போம்," என்றாள்,
"அந்த நாலு ரயிலுக்கும்."

"ஐந்து," என்றேன்.

அவள் மறுக்கவில்லை.
திரையின் ஓரத்தில், எட்டாவது மாடு
வாசலில் குறுக்கே நின்றுகொண்டிருந்தது.
நான் சொல்லவில்லை.