ஒரு பிடி கரி

இரும்புக்கல் என்பது
கோடிக்கணக்கான ஆண்டுப் பழைய துரு,
ஏறக்குறைய.
பிராணவாயு பிடித்த பிடியை விடாது.
விடுவிக்க யாராவது வரவேண்டும்.
இதுவரை வந்தது கரி.
வாயுவைத் தோளில் தூக்கிக்கொண்டு
புகைபோக்கி வழியே போய்விடும்.
எங்கே போகிறாய் என்று
யாரும் கேட்டதில்லை.

கேட்பது இப்போது என் வேலை.
ஆய்வுக்கூடம், மூன்றாம் மாடி.
ஜன்னலுக்கு வெளியே உறைந்த பொத்னியா வளைகுடா.
ஒரு டன் எஃகுக்கு இரண்டு டன் கரிப்புகை:
பழைய உலையின் பேரேட்டில்
என் கையெழுத்திலேயே இருக்கிறது,
பதினொரு வருடம்.
மகள் பிறந்த வாரம் மட்டும் வேறு கையெழுத்து.

புதிய உலைக்குக் கரியில்லை, ஹைட்ரஜன்.
வாயுவைக் கூட்டிக்கொண்டு வெளியேறும்போது
அது தண்ணீராகிறது.
காய்ந்த இரும்பு குடித்த நீர் மீளாது.
இங்கே இரும்பு
நீரைக் கையில் தருகிறது.

முதல் நாள் குழாயடியில் குடுவை வைத்து
அரை லிட்டர் பிடித்தேன்.
ஸ்டூரே வந்தார். பழைய உலையின் வாயில்
இருபத்தாறு வருடம் நின்றவர்;
இடது புருவம் கருகியது, பிறகு முளைக்கவில்லை.
குடுவையை வெளிச்சத்தில் திருப்பினார்.
“என் உலை மூச்சு விடும். இதற்கு வேர்க்கிறது” என்றார்.
பிறகு யாரையும் கேட்காமல்
காப்பிக் கெண்டியில் ஊற்றினார்.

ஆறு பேர் குடித்தோம்.
காப்பி மாதிரி இருந்தது.
என்ன எதிர்பார்த்தோமோ, தெரியவில்லை.

ஜனவரியில் காற்று நின்றது.
மைனஸ் முப்பத்தொன்று.
மலைமேல் காற்றாலைகள்
வரிசையாகக் கைவிரித்தன.
மின்சார விலை ஏற ஏற
பாறைக் குகைக்குள் ஹைட்ரஜன் இறங்கியது.
மூன்றாம் நாள் புதிய உலையை நிறுத்தினோம்.
பக்கத்தில் பழையது, எந்தப் புகாரும் இல்லாமல்,
கரியைத் தின்றுகொண்டிருந்தது.
ஸ்டூரே ஒன்றும் சொல்லவில்லை.
சொல்லியிருந்தால் தேவலை.

அந்த வாரம்தான் ரிஸ்தன் வந்தாள்,
பனி ஒட்டிய காலணியோடு, கூட்ட அறைக்குள்.
“ஆலை சுழலும் மலையில்
என் துருவமான்கள் மேய்வதில்லை.
சுழலாத இந்த மூன்று நாளும் மேயவில்லை.
உங்கள் பேரேட்டில்
இதற்கு எந்தப் பத்தி?”
மேலாளர் தொண்டையைச் செருமினார்.
நான் திறந்து பார்த்தேன்.
இல்லை.

காற்று திரும்பியது, கூடவே சத்தமும்.
பிப்ரவரியில் முதல் வார்ப்பு.
கடற்பஞ்சு போல் துளைத்துக் கிடந்த இரும்பை
மின்வில்லில் உருக்கினோம்.
ஆனால் கரி அறவே இல்லாத இரும்பு வளையும்;
எஃகாக அதற்கும் கொஞ்சம் வேண்டும்,
சோற்றுக்கு உப்பு கேட்கிற அளவு.
பையைத் தூக்கி வந்தது ஸ்டூரே.
‘பார்த்தாயா, அவன் இல்லாமல் முடியாது’
என்றது புருவம் இல்லாத கண்.
ஆயிரத்துக்கு இரண்டு என்று அளந்து கொடுத்தேன்.
“எனக்கு அவனோடு பகையில்லை,
வந்தால் விருந்தாளியாக வரட்டும்.”
சிரித்தார். தீப்பொறி தெறித்ததால்
முகத்தைத் திருப்பிக்கொண்டதாகவும் இருக்கலாம்.

இரும்பு பிடித்த கை சும்மா இராது.
மறுநாள் என் மேஜைமேல் அவர் விண்ணப்பம்:
புதிய உலைக்குப் பயிற்சி வேண்டும்,
ஐம்பத்தெட்டு வயது,
ஹைட்ரஜன் என்ற சொல்லில் மட்டும்
இரண்டு எழுத்துப் பிழை.

அன்றிரவு பணி முடியும் நேரம்
பேரேட்டில் அடிக்கோல் வைத்து
ஒரு பத்தி கூடுதலாக வரைந்தேன்.
தலைப்பு இன்னும் எழுதவில்லை.
மான் திரும்பி வராத மலையை
அவள் மொழியில் எப்படிச் சொல்வார்கள்?
ரிஸ்தனைத்தான் கேட்கவேண்டும்.