பெயர்த்தெடுத்த பின்

கும்சான் சந்தையிலிருந்து வந்த பைகள் பதினான்கு.
எல்லாவற்றின் மேலும் ஒரே கையெழுத்து:
சாங்ஹ்வாங்.
சாங் என்றால் முசுக்கொட்டை. ஹ்வாங், மஞ்சள்.
மரத்தின் பேரைக் காளானுக்குச் சூட்டிவிட்டு
மரத்தை மறந்துவிடுவது.
நம் இலக்கணத்தில் இதற்கு ஆகுபெயர் என்று
மரியாதையான ஒரு சொல் உண்டு.

தேஜானில், வடக்கு ஜன்னலோர மேசையில்
மாக் யூன்சில் முதல் பையைப் பிரிக்கிறாள்.
குதிரைக் குளம்பு மாதிரி ஒன்று.
மேலே வெடித்த கருப்பு, அடியில் கடுகுப்பூ நிறம்.
உளி இறங்கிய இடத்தில்
பட்டை விரல்நகம் அளவு ஒட்டியிருக்கிறது.
காளானைப் பார்க்குமுன் பட்டையைப் பார்க்கிறாள்.
ஓக்.

காரநீர் ஒரு சொட்டு விட்டால் சதை கறுக்கும்.
பதினான்கும் கறுத்தன.
குடும்பம் சரி என்று அர்த்தம்,
அதற்கு மேல் சொட்டு பேசாது.
பிறகு சவரத்தகடு, கண்ணாடிச் சில்லு,
ஒரு மில்லிமீட்டருக்குள் எத்தனை துளை,
முள்ளின் நீளம், வித்தின் நிறம்.
நான்கில் வில்லோ. ஏழில் லைலாக்.
ஒன்பதில், கடைசியாக, முசுக்கொட்டை.

இந்த மருந்துக்கு முன்பொரு லத்தீன் பேர் இருந்தது.
அந்தப் பேருக்குச் சொந்தமான சருகு
நிகராகுவாவில் பறித்தது.
கடல் தாண்டி வந்து பல வருடம் இங்கே
அடுத்தவன் சட்டையை மாட்டிக்கொண்டு திரிந்தது பேர்.
யூன்சிலின் முதல் கட்டுரையில்
அது பதினோரு முறை வருகிறது.
எண்ணியிருக்கிறாள்.

பெயர் என் மொழியில் வினையும்கூட:
இருந்த இடத்தை விட்டு நகர்.

மாலை, தொலைபேசியில் தாக் ஓக்சுன்.
பின்னால் தராசுத் தட்டு விழும் சத்தம்.
"எத்தனை தேறிச்சு?"
"ஒன்று."
"மத்ததெல்லாம் போலியா?"
"இல்லை. வேற."
"வேறன்னா என்ன பேர்ல விக்கிறது?"

யூன்சில் சொல்கிறாள். ஓக்சுன் எழுதிக்கொள்கிறாள்,
அசை அசையாக, நடுவில் இருமி,
ஒரு பேரை மூன்று முறை திரும்பக் கேட்டு.
என் வீட்டுக்காரர் நாலு வருஷம் குடித்தது
ஓக்கா வில்லோவா என்று அவள் கேட்கவில்லை.
கேட்டிருந்தால்
யூன்சிலிடம் அதற்குச் சில்லு இல்லை.

"பன்னிரண்டாவது?"
"அதுக்கு இன்னும் பேர் இல்லை.
எந்த மரத்தில் எடுத்தது?"
"என் கொழுந்தன் கொண்டுவந்தான். சுத்தமா வெட்டுவான்,
பட்டை ஒரு துணுக்கு இருக்காது.
பேர் இல்லாததை யார் வாங்குவா?"
"நான்."
"சாங்ஹ்வாங் விலைதான்," என்கிறாள் ஓக்சுன்
மூச்சுவிடும் நேரம்கூட எடுக்காமல்.

இழுப்பறையில் மடித்த பழுப்புத்தாள் உறை.
இனம்: காலி. மரம்: காலி.
எண் மட்டும் பென்சிலில்.
விலைக்கு அச்சிட்ட கோடு எதுவும் இல்லாததால்
உறையைத் திருப்பி, பின்பக்கம் எழுதுகிறாள்:
நூறு கிராம், தொண்ணூறாயிரம் வோன்,
ரசீது தரவில்லை.