பத்துக் கிலோவுக்குக் கீழே

எடைமேடைக்குப் பின்னால் இரண்டு அறை,
அதற்கும் பின்னால்
பத்தடிக்கு இருபதடி மண்.
வேலந்தாவளம். சற்றுத் தள்ளிப் போனால்
பேருந்துப் பலகையில் எழுத்து மாறிவிடும்.

ஆடியில் கணவாய்க் காற்று
கதவைத் தள்ளிக்கொண்டு வந்தது.
பட்டத்தை நான் தேடவில்லை,
அதுவே வந்து
கொடியில் காய்ந்த பாவாடையைச்
சோதனைச்சாவடிக்கு அப்பால் கொண்டுபோய்ப் போட்டது.
அன்றைக்கே விதைத்தேன்:
வெண்டை, புடல், பாகல்,
நாலே நாலு கத்தரி நாற்று.
"வழுதனங்ஙயாணோ?" என்றாள்
வேலிக்கு மேலே ஜலஜா சேச்சி.
"கத்தரி" என்றேன்.
காற்றில் நாற்று
இரண்டுக்கும் தலையாட்டியது.

மண்ணில் பாதி ஜல்லி, மீதி டீசல் வாடை.
பொறுக்கிய கல்லை ஓரமாகக் குவித்தேன்.
காலி லாரியில் ஒரு சாக்குச் சாணம்
நாச்சிமுத்து கொண்டுவந்து இறக்கினான்.
எடைச்சீட்டில் வராத சரக்கு.

நாலாம் இலையிலேயே வெண்டைக்கு
மஞ்சள் நரம்போடியது.
பிடுங்க மனசு வர மூன்று நாள் ஆனது.
அதற்குள் பக்கத்துச் செடிகளுக்கும் தொற்றிவிட்டது.
என் இரக்கத்தின் விலை ஆறு செடி.

மாவுப்பூச்சிக்கு வேப்பெண்ணெயும்
பாத்திரம் துலக்கும் சோப்பும்.
எறும்புக்குச் சாம்பல்.
மயிலுக்கு மருந்தில்லை.
விடியலில் வரும், கொத்தும்,
சீட்டு வாங்காமல் எல்லை தாண்டிப் போகும்.
பழைய சேலையை நாலு குச்சியில் கட்டினேன்.
மறுநாள் அந்த நிழலில் நின்று கொத்தியது.

பாகற்பிஞ்சுக்குப் பழ ஈ.
ரத்தான எடைச்சீட்டுகளைச் சுருட்டி
ஒவ்வொன்றுக்கும் சட்டை போட்டுவிட்டேன்.
'மொத்த எடை 24,360' என்று
காற்றில் ஆடியது ஒன்று,
உள்ளே சுண்டுவிரல் நீளக் கசப்பு.

புடலங்காய் சுருளத் தொடங்கியது.
நுனியில் நூல், நூலில் கல்.
எந்தக் கல் என்பதில்தான் இருக்கிறது.
சிறிதென்றால் காய் கேட்காது,
பெரிதென்றால் காம்பு அறும்.
பகலெல்லாம் பதினாறு டன் பார்த்த கண்ணை மூடிக்கொண்டு
நெல்லிக்காய் அளவுக் கற்களை
உள்ளங்கையில் மாற்றி மாற்றி ஏந்தினேன்.
இரண்டு காய் அறுந்து விழுந்தன.
மூன்றாவதில் கைக்குப் புரிந்தது.

ஓணத்துக்கு முந்தின வாரம்
விடிய விடிய லாரி.
கிணத்துக்கடவுத் தக்காளி, ஒட்டன்சத்திரத்து முருங்கை.
நாலு நாள் பின்கதவைத் திறக்கவில்லை.
திறந்தபோது, தப்பிய வெண்டையெல்லாம் முற்றி,
நுனி ஒடித்தால் வளைந்தது.

அன்றிரவு இரண்டு மணிக்குச் சாலை ஓய்ந்தது.
பறித்ததையெல்லாம் கூடையில் போட்டு
மேடை நடுவில் வைத்துவிட்டு
உள்ளே ஓடிவந்து பார்த்தேன்.
சிவப்பு எழுத்தில் பூஜ்யம்.
இந்த மேடை பத்துப் பத்தாகத்தான் எண்ணும்.
நான் ஏறி நின்று
ஜன்னல் வழியே எட்டிப் பார்த்தேன்: 50.
கூடையை இடுப்பில் வைத்துக்கொண்டு நின்றேன்: 50.
நாலு கிலோ இருக்கும் என்றது இடுப்பு.

முகப்பு விளக்கை அணைத்துவிட்டு
"என்ன புள்ள, உன்னையே எடை போடறியா?" என்று
இறங்கி வந்தான் நாச்சிமுத்து.
இரண்டு புடலங்காயை எடுத்துக்
கொண்டுபோய்த் தக்காளிப் பெட்டிகள் மேல் படுக்கவைத்தான்.
வண்டி மேடையேறியது.
அவற்றையும் சேர்த்துத்தான் எடை போட்டேன்,
சேர்ந்ததா என்று தெரியாது.

ஐப்பசி மழையில் பந்தல் சரிந்தது.
விதைக்கென்று விட்ட ஒற்றைப் புடல்
சிவந்து வெடித்துக் கிடந்தது, நூல் அவிழாமல்.
விதைகளைச் சாம்பலில் புரட்டி
சீட்டொன்றில் மடித்தேன்.
மேலே பெயரெழுதப் பேனா தேடுகையில்
வெளியே ஹார்ன் அடித்தார்கள்.

பெயர் இன்னும் எழுதவில்லை.
கல் மட்டும் மேசைக்கு வந்துவிட்டது,
சீட்டுக் கட்டு பறக்காமலிருக்க.