பெண்பால், ஒருமை

புஸ்ஸி வீதி ஜெராக்ஸ் கடையின் பின்னறையில்
பக்கத்துக்கு நூற்றிருபது ரூபாய் எனக்கு.
பிறப்பு, இறப்பு, கலியாணம், காணி
எல்லாமும் பிரெஞ்சிலிருந்து இங்கிலீஷுக்கு.

ரெஜிஸ் சவரிராயலு லெஸ்டரிலிருந்து வந்திருந்தான்.
பாலித்தீன் உறைக்குள் ஒரு தபால் அட்டை.
முத்திரையில் ஜூலை தெரிகிறது.
ஆண்டை ஈரம் குடித்துவிட்டது.

அவன் தாத்தாவின் அக்கா எழுதியது. நான்கே வரி.
'காலையில் தம்பி லா க்ரெவுக்குப் போனான்.
சோற்றுத்தூக்கை எடுத்துக்கொள்ளவில்லை.
சங்கு ஊதி அடங்கிவிட்டது.
இன்னும் வரவில்லை.'

க்ரெவ் என்றால்?
மணற்கரை என்றேன்.
வேலைநிறுத்தம் என்றும் சொன்னேன்.
"பீச்சா, ஸ்ட்ரைக்கா?
ஏதாவது ஒண்ணு சொல்லுங்க."
வெளியே வாடகைக் கார் உறுமிக்கொண்டிருந்தது.

அகராதியில் இரண்டுமே பெண்பால்.
பாரிஸில் ஆற்றோரம் ஒரு மணல் திடலாம்,
வேலை கேட்டு வந்தவர்கள் அங்கே நின்றார்களாம்,
பிறகு வேலையை விட்டவர்களும்.
நின்ற இடத்தின் பெயர்
நின்றதற்கே ஒட்டிக்கொண்டது.
நம் நிறுத்தம் இல்லையா,
பஸ்ஸுக்கும் அதுதான் வேலைக்கும் அதுதான்.

'ஆன் க்ரெவ்' என்றிருந்தால் ஸ்ட்ரைக்தான், சந்தேகமில்லை.
இவள் 'ஆ லா' போட்டிருக்கிறாள்.
ஆ லா போட்டால் கால் மணலில் படலாம்,
படாமலும் போகலாம்.
இலக்கணத்தை நம்பவும் வழியில்லை,
தம்பி என்ற சொல்லிலேயே
மேல்கோட்டை விட்டுவிட்டவள்.

ஆனால் அந்தத் தூக்கு.
பீச்சுக்குப் போகிறவனிடம்
சோறு எடுத்துக்கொண்டாயா என்று
யார் கேட்பார்கள்?

"பீச்னே அடிங்க" என்றான்.
"எங்க வீட்ல யாரும் மில்லுக்குப் போனதில்ல."
அடித்தேன். முத்திரை வைத்தேன்.
ஐந்நூறு தந்தான், என்னிடம் சில்லறை இல்லை,
அவனுக்கு விமானம் இருந்தது.

ஆறு மணிக்கு மேல் கடற்கரைச் சாலையில் வண்டி விடுவதில்லை.
காந்தி சிலைக்குத் தெற்கே நடந்தேன்.
கருங்கல், கருங்கல், கல்லிடுக்கில் ஒரு சிப்ஸ் உறை.
முதல் பொருளைக் கல் கொட்டி மூடியிருக்கிறோம்.
இரண்டாவது
முதலியார்பேட்டையில் பூட்டிக் கிடக்கிறது,
கேட்டுக்குள் ஆமணக்கு முளைத்து.

மீதி முந்நூற்றெண்பதைக்
கவரில் போட்டு வைத்திருக்கிறேன்.
மேலே அவன் பெயர்.
அதன் கீழே பென்சிலில்,
அழிக்க வேண்டுமென்றால் அழித்துக்கொள்ளட்டும்,
ஸ்ட்ரைக்.