எல்லாக் கட்டையும் இப்படியா

ஜூலை. வால்டிவியாவில் மழை
பதினோரு நாளாக ஓயவில்லை.
திரையில் பதினான்கு பாடங்கள்,
எனக்கு மிச்சம் இரண்டு இடங்கள்.
நள்ளிரவோடு பதிவு முடிகிறது.

ஹசிந்தா மதியமே முடித்துவிட்டாள்.
காலை எட்டரை வகுப்பு வேண்டாம்,
வெள்ளிக்கிழமை வேண்டவே வேண்டாம்;
கழித்தபின் மிஞ்சியவை
நிதிச் சந்தையும் ஆட்டக் கோட்பாடும்.
"பிடித்ததை எடேன், ராயென்" என்கிறாள்
நகத்துக்குச் சாயம் பூசிக்கொண்டே,
பிடித்தது என்பது ஏதோ
கதவுக்குப் பின்னால் தொங்கும் கோட்டு மாதிரி.

பேரியல் பொருளியல் மூன்று
என்று வாசித்து யாருக்கு நெஞ்சு துடிக்கும்?

என்னிடம் இருப்பது ஒரு எரிச்சல் மட்டும்.
முந்தாநாள் லாரிக்காரர் எலியோதோரோ
முற்றத்தில் இறக்கிப்போன விறகு
கணப்புக்குள் சீறுகிறது,
வெட்டுவாயில் நுரை தள்ளுகிறது.
காய்ந்தது என்று சொல்லித்தான் விற்றார்.
அவருக்குத் தெரியும்.
எங்களுக்கும் தெரியும்.
வாங்கினோம்.

பாலம் கடந்து வகுப்புக்குப் போகையில்
அது கூடவே வருகிறது.
ஆற்றங்கரை மீன்சந்தையில்
தலைக்கும் வாலுக்கும் வாய்பிளந்து கிடக்கும்
கடற்சிங்கங்களைப் பார்க்கும்போதும்
விறகுதான் நினைவில்.

"என்னிடம் கொண்டு வா" என்கிறது
சுற்றுச்சூழல் பொருளியல்.
எரிப்பது நீ, இருமுவது பக்கத்து வீட்டுப் பிள்ளை,
அந்த இருமலுக்கு ரசீது உண்டா?
தகவல் பொருளியல் குறுக்கே விழுகிறது:
விற்பவருக்குத் தெரிந்தது
வாங்குபவருக்குத் தெரியாத இடத்தில்தான்
சந்தை கெட்டுப்போகிறது.
(எனக்குத் தெரிந்திருந்ததே, அதற்கென்ன சொல்கிறாய்?)
வளர்ச்சிப் பொருளியல் அதிகம் பேசவில்லை.
ஜனவரியில் கையில் பணம் இருந்ததா
என்று மட்டும் கேட்டது.

இல்லை.
கோடையிலேயே வாங்கி அடுக்கியவர்களுக்குக் காய்ந்த விறகு.
எங்களுக்கு வாரம் ஒரு சுமை,
வாரம் ஒரு ஈரம்.
கூட்டிப் பார்த்தால்
நாங்கள்தான் அதிகம் கொடுத்திருப்போம்.
கூட்டிப் பார்த்ததில்லை.

பத்தரை மணிக்கு
மாவு நிறுக்கும் தராசை எடுத்துவந்து
ஒரு கட்டையை அதன்மேல் நிறுத்தினேன்.
ஆயிரத்து நானூற்று இருபது கிராம்.
கணப்பின் தலையில் படுக்கவைத்தேன்.
அறையெங்கும் ஈரக் காட்டின் வாசனை.
பதினொன்றரைக்கு மறுபடி:
ஆயிரத்து முந்நூற்று அறுபத்தைந்து.

"ஐம்பத்தைந்து கிராம் தண்ணீர்" என்றேன்,
"விறகு விலைக்கு."

விரல்களை விரித்துப் பிடித்தபடி
ஹசிந்தா எழுந்து வந்தாள்.
தராசைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள்.
"எல்லாக் கட்டையும் இப்படியா,
இல்லை இது மட்டுமா?"

மூன்று பருவத்தில் ஒருவரும் கேட்காததை
நகம் காயக் காத்திருந்தவள் கேட்டாள்.

பட்டியலின் அடியில், யாரும் சீண்டாமல்:
பொருளாதார அளவையியல் இரண்டு.
காலை எட்டரை. வெள்ளியும் உண்டு.
முதலாவதில் நான் தேறியது
ஓய்வுபெறப் போகிறவரின் நல்ல மனசால்.
ஆற்றில் போட்டாலும் அளந்து போடு என்கிற ரகம் அது,
இங்கே ஆறு வாசலிலேயே ஓடுகிறது,
நான் இதுவரை அளந்ததேயில்லை.
பிடித்து எடுக்கவில்லை அதை.
பிடித்தது விறகு.
அதன் வாய் திறக்க வேறு சாவி இல்லை.

பதினொன்று ஐம்பத்திரண்டு: அழுத்தினேன்.
இரண்டாவது இடத்துக்கு வளர்ச்சிப் பொருளியல்;
நிரம்பிவிட்டது என்றது திரை,
காத்திருப்போரில் ஆறாவது ஆள் நான்.
பரவாயில்லை. காத்திருப்புக்கும்
ஒரு விலை இருக்கும், பிறகு பார்க்கலாம்.

"ஒரு கட்டை போதாதில்ல?"
என்று கேட்டுவிட்டு ஹசிந்தா
கதவைத் திறந்துகொண்டு மழைக்குள் இறங்கினாள்,
குவியலின் அடியிலிருந்து ஒன்று, நடுவிலிருந்து ஒன்று,
இன்னும் காயாத பத்து நகங்களோடு.