ஆறாவது லேன்

எங்கள் சுங்கச்சாவடியை
மூன்று இரவுகளுக்கு வாடகை பேசியிருந்தார்கள்.
கிருஷ்ணகிரியில் மாங்கூழ் ஆலைகள் ஓடுகிற மாதம்,
காற்றைத் தொட்டால் விரலில் ஒட்டும்.
கிரானைட் லாரிக்காரர்கள் ஹீரோ யாரென்று எட்டிப் பார்த்து
பின்னால் நிற்பவனிடம் திட்டு வாங்கினார்கள்.

பழைய துப்பறியும் கதையாம்,
தொண்ணூறு வருஷத்துக்கு முந்தி
வாராவாரம் வந்ததாம்.
இந்தக் காலத்துக்கு மாற்றி ஒரே எபிசோடு.
உதவி இயக்குநர் பையன் ஜெராக்ஸ் நீட்டினான்:
"மாதேஸ்வரி அக்கா, உங்க கேரக்டர் நாற்பத்தொன்னாம் பக்கம்."

நாற்பத்தொன்றில் நான் ஆண்.
ரயில்வே கேட் காக்கும் அங்கமுத்து.
கையில் அரிக்கேன் விளக்கு.
நள்ளிரவில் ஒரு ஜட்கா வந்து
கேட்டைத் திறக்கச் சொல்கிறது.

ஜட்கா வெள்ளைக் காராகிவிட்டது.
தந்தி வாட்ஸ்அப்பாகிவிட்டது.
துப்பறிபவரின் தலைப்பாகையைக் கழற்றி
ஹூடி மாட்டியிருந்தார்கள், இந்த வெயிலில்.
அரிக்கேனுக்குப் பதில்?
"அதான் கேமரா இருக்கேக்கா" என்றான் பையன்.
ஃபாஸ்டேக் நேரம் சொல்லிவிடும்,
கேமரா எண் சொல்லிவிடும்.
ஆகவே அங்கமுத்துவின் ஒன்றரைப் பக்கம்
இரண்டு சொல்லாகச் சுருங்கி என்னிடம் வந்தது:
"கவனிக்கல சார்."

முதல் டேக்கிலேயே ஓகே.
"எங்க நடிக்கக் கத்துக்கிட்டீங்க?" என்றார் டைரக்டர்.
நான் தண்ணீர் குடிக்கப் போனேன்.

ஞாயிறு இரவு பழையபேட்டை அறையில்
ஐந்து பேர் ஒரே கட்டிலில் உட்கார்ந்து பார்த்தோம்.
என் முகம் நான்கு நொடி.
ரேஷ்மா விசிலடித்தாள்.
டேக் படிக்கும் முன்பே தடுப்புக்கட்டை எழுந்ததைப் பார்த்து
எல்லாரும் ஒரே நேரத்தில் சிரித்தோம்.
இருபதாவது நிமிஷம் எண் தெரிந்துவிட்டது,
மிச்சமெல்லாம் துரத்தல்.

ஜெராக்ஸை நான் திருப்பிக் கொடுக்கவில்லை.
அங்கமுத்துவும் முதலில் அதைத்தான் சொல்கிறான்:
"ஒண்ணும் பார்க்கலீங்க எசமான்."
துப்பறிபவர் போய்விடவில்லை.
மைல்கல்லில் உட்கார்கிறார்.
ஒரு கூட்ஸ் வண்டி முழுசாகப் போகும்வரை
வாய் திறக்காமல் இருக்கிறார்.
பிறகு அதே கேள்வி,
இன்னும் கொஞ்சம் மெதுவாக.

அந்த கூட்ஸை வெட்டிவிட்டார்கள்.
நாற்பது நிமிஷத்தில் அதற்கு இடமில்லையாம்.

போன மாசியில்
ஆறாவது லேன் கேமரா ரிப்பேர்.
டேக்கில் பணமில்லாத ஒரு கார்,
இரட்டைக் கட்டணம், ரொக்கமாகத் தந்தான்.
பின்சீட்டில் இரண்டு ஆண்களுக்கு நடுவே ஒரு பெண்.
ஒரு கையில் மட்டும் மருதாணி.
என்னைப் பார்த்தாள்.
வேறெதையும் அல்ல, என்னை.
"மிச்சம் வேணாம், கட்டையைத் தூக்கு" என்றான்.

ஷிப்ட் கணக்கில் முப்பது ரூபாய் கூட நின்றது.
எழுத்துமூலம் விளக்கம் கேட்டார்கள்.
சில்லறைப் பிழை என்று எழுதிக் கொடுத்தேன்.

நான்காம் நாள் ஒரு போலீஸ்காரர் வந்தார்.
ஜீப்பை அணைக்கவில்லை,
காதிலிருந்து போனை எடுக்கவில்லை.
என்னிடம் கேட்டார்.
அந்த இரண்டு சொல்.
அடுத்த சாவடிக்குப் போய்விட்டார்.

இப்போது ஆறில் புதுக் கேமரா.
என் உச்சந்தலையும் அதில் விழுமாம்.
எண்ணை நான் எங்கும் எழுதி வைக்கவில்லை,
மறக்கவும் இல்லை.

எங்கள் ஊருக்கு ரயில் கிடையாது.
இரண்டு மணிக்கு மேல் எப்போதாவது
காற்றாலை இறக்கை ஒன்றை ஏற்றிக்கொண்டு
நீள டிரெய்லர் ஊர்ந்து வரும்.
முனை போய் வெகு நேரம் கழித்துத்தான் வால் வரும்.
அது முழுசாகப் போய் முடியும்வரை
நான் பேசாமல் இருக்கிறேன்,
ஜன்னலைத் திறந்தே வைத்து.