ஒன்பது நாள் முன்னால்

செயற்கைக்கோள் படத்தில் எலகங்கா ஓடுபாதை
என் கட்டைவிரல் நீளம்.
நகம் வெட்டாததால்
நகமளவு குறைவு.

சேர வேண்டிய தேதி இருபத்தொன்று.
இன்று பன்னிரண்டு.
இருந்தும் அல்சூரில் பஸ் ஏறிவிட்டேன்,
பெண் பார்க்கப் போகும் மாப்பிள்ளை போல
சட்டைக்கு இரண்டு தரம் இஸ்திரி போட்டு.

மதில். மதில். யூகலிப்டஸ். மதில்.
படம் எடுக்காதே என்று மூன்று மொழியில்.
காவலரிடம் ஆணைக் கடிதத்தை நீட்டினேன்.
தேதியை விரலால் தொட்டார்,
அதே விரலால் சாலையைக் காட்டினார்.

எதிரே கறிக்கடை. பாதி ஷட்டர்.
இலியாஸ் பாய் சொன்னார்:
"குடலை வெளியே கொட்டினா அபராதம்.
பருந்து சுத்தும்,
உங்க ஆளுங்களுக்கு ஆகாதும்மா."

உங்க ஆளுங்க.
கடிதத்துக்கு முன்பே
கறிக்கடை என்னைச் சேர்த்துக்கொண்டது.

"காத்து திரும்புனா இந்தப் பக்கமா எறங்கும்.
புதுசுங்க வந்த மாசம்
பாக்கவே வேணாம், காதுக்கே தெரியும்."

சொல்லிக்கொண்டிருக்கும்போதே ஒன்று வந்தது.
மின்கம்பிக்கு மேல் தாழ்ந்து,
இறக்கை ஒரு பக்கம் யோசித்து,
மதிலுக்குள் போனது.
கிரீச்.
கொஞ்சம் விட்டு, மறுபடி
கிரீச்.

பாய் சிரிக்கவில்லை.
கத்தியைத் துடைத்தபடி
என் பூட்ஸைப் பார்த்தார்.

திரும்பும் பஸ்ஸில் கடைசி இருக்கை.
ஒவ்வொரு வேகத்தடையிலும்
முன்சக்கரம் ஒரு தூக்கு,
பின்சக்கரம் ஒரு தூக்கு.
அல்சூர் வரை எண்ணினேன்:
பதினேழு இறக்கம்.
ஒன்றாவது
ஒரே தடவையில் தொட்டிருக்கலாம்.